செயின்ட் லூயிஸ் ஐரிஷ்காரர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கா போன ஐரிஷ்காரர் என்றாலே நம்மில் பலருக்கு உடனே ஒரு படம் ஓட ஆரம்பித்துவிடும். பஞ்சம், கப்பல், சுதந்திர தேவி சிலை, நியூயார்க் சந்துகள். அந்தச் சிலை 1886இல்தான் திறக்கப்பட்டது, பஞ்சம் முடிந்து முப்பது வருடங்களுக்கும் மேல் ஆன பிறகு! சரி, சிலையை விடுங்கள். பெரிய தவறு, நியூயார்க் கதையை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் மிசிசிப்பி கரையில் இருக்கும் செயின்ட் லூயிஸில் வைப்பது. அது வேறு ஊர்: பிரெஞ்சுக்காரர்கள் 1764இல் உண்டாக்கிய கத்தோலிக்க ஊர், அடிமைமுறை சட்டப்படி நடந்த மிசூரி மாநிலத்தில் இருந்த ஊர், ஐரிஷ்காரர்களைவிட ஜெர்மானியர் அதிகமாகக் குடியேறிய ஊர். இந்த மூன்றையும் மறந்துவிட்டு எழுதினால் மற்றதெல்லாம் வரிசையாகத் தப்பும்.

முதலில் வழி. நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சோதித்து அனுமதித்த எல்லிஸ் தீவில் இறங்கினார்கள், அங்கே பெயரை மாற்றிவிட்டார்கள் என்று எழுதாதீர்கள். எல்லிஸ் தீவு திறந்தது 1892இல். 1840களில் செயின்ட் லூயிஸ் போனவர்களில் நிறையப் பேர் லிவர்பூலில் ஏறி நியூ ஆர்லியன்ஸில் இறங்கியவர்கள். பருத்தி ஏற்றிக்கொண்டு இங்கிலாந்துக்குப் போன கப்பல்கள் திரும்பி வரும்போது ஆட்களை ஏற்றி வந்தன, அதனால் கட்டணம் குறைவு. அங்கிருந்து ஆற்றில் எதிரோட்டமாக ஏறத்தாழ 1,200 மைல் நீராவிப் படகில் போக வேண்டும். காசுள்ளவர் மேல்தளத்து அறையில் போவார். நம் ஆள் கீழ்த்தளத்தில், சாக்கு மூட்டைக்கும் பீப்பாய்க்கும் நடுவே இடம் பிடித்துப் படுப்பார், சாப்பாடு அவரவர் கொண்டுவந்ததுதான், படகு விறகு ஏற்றக் கரை ஒதுங்கும்போதெல்லாம் இறங்கி விறகு சுமந்து கொடுத்தால் கட்டணத்தில் கொஞ்சம் தள்ளுபடி. பாய்லரும் அதே தளத்தில்தான். அது வெடித்தால் முதலில் போவது இவர்கள். ஆகவே குடும்ப மரம் தேடுகிறவர்கள் நியூயார்க் பட்டியலில் பெயர் இல்லை என்று கைவிட வேண்டாம், நியூ ஆர்லியன்ஸ் கப்பல் பயணிகள் பட்டியலையும் ஒருமுறை பாருங்கள்.

எல்லோரும் பஞ்சத்தால் வந்தவர்கள் என்பது அடுத்தது. பஞ்சத்துக்குக் காரணமான உருளைக்கிழங்கு நோய் அயர்லாந்துக்கு 1845இல் வந்தது. அதற்கு நாற்பது வருடம் முன்பே, 1804இல், ஜான் முல்லன்ஃபி செயின்ட் லூயிஸ் வந்துவிட்டார். 1808இல் அந்த ஊரின் முதல் செய்தித்தாளைத் தொடங்கிய ஜோசப் சார்லஸும் அயர்லாந்தில் பிறந்தவர்தான். முல்லன்ஃபி, இங்கிலாந்தோடு நடந்த போர்க்காலத்தில் விலை விழுந்து கிடந்த பருத்தியை நியூ ஆர்லியன்ஸில் வாங்கிப் போட்டு, 1815இல் சமாதானம் ஆனதும் இங்கிலாந்தில் விற்றுக் கொழுத்த லாபம் பார்த்தார். ஊரின் முதல் கோடீஸ்வரர் என்று அவரைச் சொல்வார்கள். அவர் மகன் பிரையன் 1847இல் மேயர். 1851இல் இறந்தபோது, மேற்கே குடியேற வந்து செயின்ட் லூயிஸில் தவித்து நிற்கும் ஏழைகளுக்கு உதவத் தன் சொத்தில் மூன்றில் ஒரு பங்கை எழுதி வைத்திருந்தார். முன்னே வந்தவர் முதலாளி, பின்னே வந்தவர் கூலி. ஒரே ஊர், ஒரே மதம், ஆனால் வந்த வருடத்தைப் பார்க்காமல் ‘ஐரிஷ்காரரின் எதிர்காலம்’ என்று பொதுவாகப் பேசினால் அதில் பொருளே இல்லை.

‘ஐரிஷ்காரர் விண்ணப்பிக்க வேண்டாம்’ பலகை எல்லாக் கடையிலும் தொங்கியதாக எழுதுவதையும் குறைத்துக்கொள்ளலாம். அப்படிப் பலகையே அபூர்வம் என்று ஒரு வரலாற்றாசிரியர் 2002இல் வாதிட்டார். 2015இல் ஒரு பள்ளி மாணவி பழைய செய்தித்தாள்களைத் துழாவி, அந்த வாசகத்தோடு வந்த விளம்பரங்களை எடுத்துக் காட்டினார். ஆக, வெறுப்பு நிஜம். ஆனால் செயின்ட் லூயிஸில் அதற்கு முகம் வேறு. ஊரின் பழைய பணக்காரர்களே கத்தோலிக்கர்கள், 1843 முதல் பல பத்தாண்டுகள் ஆயராக இருந்த பீட்டர் கென்ரிக் டப்ளினில் பிறந்தவர், ஆகவே கோயிலும் மருத்துவமனையும் இவர்களுக்கு அந்நியமில்லை. அடி விழுந்தது வாக்குச்சாவடியில்தான். 1854 ஆகஸ்ட் தேர்தலில், குடியேறியவர்களின் ஓட்டுரிமையைச் சோதிக்கிறோம் என்று ஆரம்பித்தது கலவரமாகி, ஐரிஷ் வீடுகளும் மதுக்கடைகளும் நொறுக்கப்பட்டன, பத்துப் பேர் அளவில் செத்தார்கள்.

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது ‘ஐரிஷ்காரரும் அடிமைகள்தான்’ என்ற பேச்சு. செயின்ட் லூயிஸை வைத்து அதைச் சொல்ல மனசு எப்படி வருகிறதோ தெரியவில்லை. படகுத்துறைக்குச் சற்று மேலே இருக்கிற நீதிமன்றத்தில்தான் 1847இல் அடிமையாக இருந்த டிரெட் ஸ்காட் தன் விடுதலைக்காக வழக்காடினார், அதே கட்டடத்துப் படிகளில் மனிதர்களை ஏலம் விட்டார்கள். கறுப்பினத்தவருக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தருவதையே மிசூரி 1847இல் சட்டம் போட்டுத் தடுத்தது. ஐரிஷ் கூலி அடிமட்டத்தில் இருந்தார், உண்மை. அபாயமான சுமைவேலையை அவரிடம் தள்ளினார்கள், ஏனென்றால் அடிமை செத்தால் எஜமானனுக்கு ஆயிரம் டாலர் அளவுக்கு நஷ்டம், ஐரிஷ்காரர் செத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. கொடூரமான கணக்குதான். ஆனால் மறுநாள் வேறு படகுக்குப் போக அவரால் முடியும், ஐந்து வருடத்தில் குடியுரிமை, ஓட்டு. அவர் பிள்ளைகளை யாரும் விற்க முடியாது.

கூலிக் கணக்கிலும் ஒரு சறுக்கல் உண்டு. நாள் கூலியை வருடத்து வேலைநாட்களால் பெருக்கிவிட்டு ‘பரவாயில்லையே’ என்கிறார்கள். குளிரில் ஆறு உறைந்தால் படகு வராது, கோடைக் கடைசியில் தண்ணீர் வற்றினாலும் பெரிய படகு வராது, படகு வராவிட்டால் மூட்டையும் இல்லை கூலியும் இல்லை. 1849 போல ஒரு வருடம் வந்தால் கேட்கவே வேண்டாம்: மே மாதம் ஒரு படகில் பிடித்த தீ 23 படகுகளையும் நூற்றுக்கணக்கான கட்டடங்களையும் தின்றது, அதே வருடம் காலராவில் ஊரில் பத்தில் ஒருவர் அளவுக்குப் போய்விட்டார்கள். பல குடும்பங்களில் நிலையான வருமானம் வீட்டுவேலை பார்த்த பெண்ணுடையது, தங்க இடமும் சாப்பாடும் அங்கேயே கிடைத்ததால் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அயர்லாந்துக்கு அனுப்ப அவளால்தான் முடிந்தது. இவளை விட்டுவிட்டு எழுதாதீர்கள்.

அப்புறம், ‘விவசாயிகள்தானே, ஏன் நிலம் வாங்கவில்லை?’ அரசு நிலம் ஏக்கர் 1.25 டாலர்தான். ஆனால் மாடு, கலப்பை, முதல் அறுவடை வரைக்கும் சோறு? அதற்குக் கையில் காசு வேண்டும்.

ஊரில் ஐரிஷ்காரர் வாழ்ந்த கெர்ரி பேட்ச் என்ற பகுதியை வெறும் சேரி என்று முடித்துவிடுவதும் அவசரம். முல்லன்ஃபி குடும்பத்து நிலத்தில் கேட்காமல் கொள்ளாமல் குடிசை போட்டு உண்டான இடம் அது. அங்கே 1862இல் ஒரு போலீஸ்காரருக்குப் பிறந்த வில்லியம் மேரியன் ரீடி, பிற்காலத்தில் நாடறிந்த பத்திரிகை ஆசிரியர். அயர்லாந்திலிருந்து வந்து குதிரைக்கு லாடம் அடித்த எட்வர்ட் பட்லர், நூற்றாண்டு முடிவதற்குள் ஊர் அரசியலையே தன் கைக்குள் வைத்திருந்தார், லஞ்ச வழக்கு வரை போனார்.

அடிமைமுறையை விடாத தெற்கு மாநிலங்கள் பிரிந்துபோனதால் வந்த உள்நாட்டுப் போரில் எல்லோரும் வடக்குப் பக்கம் என்பதும் சரியல்ல. 1861இல் ஊரில் திரண்ட ஏழாம் மிசூரி படை வடக்குக்காரர்களுடையது, ஐரிஷ் படை என்றே பெயர். ஜோசப் கெல்லியின் ஐரிஷ் ஆட்கள் தெற்குப் பக்கம் போனார்கள். செயின்ட் லூயிஸ் பாதிரியார் ஜான் பேனன் தெற்குப் படையோடு 1863இல் மிசிசிப்பி கரையில் இருக்கும் விக்ஸ்பர்க் நகர முற்றுகைக்குள் இருந்தபோது, மதிலுக்கு வெளியே ஏழாம் மிசூரி நின்றது. அந்த வருடமே பேனனை தெற்கு அரசு அயர்லாந்துக்கு அனுப்பி வைத்தது, அங்கிருக்கும் இளைஞர்கள் வடக்குப் படையில் போய்ச் சேராமல் தடுக்க.