கோப்பு மாற்றப் பதிவேட்டைப் பைதன் நிரலால் வாசித்தல்: புதியவர்களுக்கான செய்முறை

இலங்கையின் மலைநாட்டில், ஹட்டனுக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்து அலுவலகத்தில், சம்பளத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஒரு டிவிசனின் (தோட்டப் பிரிவின்) கொழுந்து நிறை எழுதியிருந்த எக்செல் கோப்பு காணாமற்போய்விட்டது. அது இல்லாமல் யாருக்கு முழுப்பேர் (முழுநாள் சம்பளம்), யாருக்கு அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) என்று தீர்க்க முடியாது. மீள்சுழற்சித் தொட்டியிலும் கோப்பு இல்லாததால், கணக்கு எழுதும் பெண்பிள்ளை அதை அழித்துவிட்டார் என்றே எல்லோரும் பேசத் தொடங்கினார்கள். கணினியைப் பார்க்க என்னை அழைத்தபோது நான் முதலில் திறந்தது வின்டோஸ் தானாக எழுதிவரும் மாற்றப் பதிவேட்டைத்தான். அதை வாசிக்கும் முறையை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

வின்டோஸ் கோப்புகளை அடுக்கிவைக்கும் என்டிஎஃப்எஸ் முறையில் அமைந்த டிஸ்க்கில் ஒரு கோப்பு உருவானாலும், திருத்தப்பட்டாலும், பெயர் மாறினாலும், அழிந்தாலும், பதிவேடு இயங்கிக்கொண்டிருந்தால் அதற்கொரு பதிவு விழுகிறது. யூஎஸ்என் ஜேர்னல் எனப்படும் இந்தப் பதிவேடு வின்டோஸ் 2000 காலத்திலிருந்து இருக்கிறது. எந்தக் கோப்பு, எப்போது, என்ன வகை மாற்றம் என்பதை அது சொல்லும். உள்ளே இருந்த எழுத்தையோ, மாற்றியவர் யார் என்பதையோ சொல்லாது. ஆகவே இதைக் காட்டி எவர் மேலும் குற்றம் சுமத்த முடியாது என்பதைத் தொடங்கும்போதே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பதிவேட்டுக்கு ஓர் அளவு எல்லையும் உண்டு. அது நிரம்பும்போது பழைய பதிவுகள் முன்னாலிருந்து கழிந்துபோகும். எனவே தேடப்போகும் டிஸ்க்கில் புதிதாக எதையும் எழுதாமல், நிரலையும் விடையையும் பென்டிரைவில் வைத்துக்கொள்வது நல்லது.

முதற்படி, டிஸ்க்கைத் திறப்பது. கட்டளைச் சாளரத்தை நிர்வாகி உரிமையுடன் திறந்து, வின்டோஸின் செயற்கூறுகளைப் பைதனிலிருந்து அழைக்க உதவும் சிடைப்ஸ் வழியாகக் கிரியேட்ஃபைல் என்ற செயற்கூற்றை அழையுங்கள். பெயராகக் கொடுக்க வேண்டியது இரண்டு பின்சாய்கோடு, ஒரு புள்ளி, மீண்டும் ஒரு பின்சாய்கோடு, டிஸ்க்கின் எழுத்து, முக்காற்புள்ளி ஆகியவை மட்டுமே. கடைசியில் இன்னொரு சாய்கோட்டைச் சேர்த்தால் டிஸ்க்குக்குப் பதிலாக அதன் முதற் கோப்புறை திறக்கும். வாசிப்பு உரிமைக்கு 2147483648, பகிர்வுக்கு 3, இருப்பதையே திறப்பதற்கு 3 என்ற எண்களைக் கொடுங்கள். திரும்பிவரும் கைப்பிடியின் (திறந்த டிஸ்க்கைக் குறிக்கும் எண்ணின்) வகையைச் சுட்டி (பொயின்டர்) என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். அறிவிக்காவிட்டால் 64 பிட் கணினியில் அது பாதியாக வெட்டப்படக்கூடும். பிழை எண் 5 வந்தால் நிர்வாகி உரிமை இல்லை என்று பொருள்.

அடுத்து, டிஸ்க்குக்கு நேரடியாகக் கட்டளை அனுப்பும் டிவைஸ்ஐஓகன்ட்ரோலை 590068 என்ற கட்டுப்பாட்டு எண்ணுடன் அழைத்தால் பதிவேட்டின் நிலை 56 பைட்டுகளில் கிடைக்கும். அவை எட்டெட்டு பைட்டுகளாக ஏழு எண்கள். முதலாவது பதிவேட்டின் அடையாள எண்; இரண்டாவது இன்னும் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய பதிவின் எண்; மூன்றாவது இனி எழுதப்படப்போகும் பதிவின் எண். பிழை எண் 1179 வந்தால் அந்த டிஸ்க்கில் பதிவேடு இயங்கவில்லை. இப்போது இயக்கினாலும் இனி நடப்பது மட்டுமே பதிவாகும்.

மூன்றாவது படி, பதிவுகளை வாசிப்பது. அதே டிவைஸ்ஐஓகன்ட்ரோலுக்கு இப்போது கட்டுப்பாட்டு எண் 590011. இதற்கு 40 பைட் உள்ளீடு தேவை: தொடக்க எண்ணுக்கு (முதல் முறை, மேலே கிடைத்த மிகப் பழைய பதிவின் எண்) 8, காரண வடிகட்டிக்கு 4, கோப்பு மூடப்பட்ட பதிவு மட்டும் போதுமா என்பதற்கு 4, காத்திருப்பு நேரத்துக்கு 8, காத்திருக்கும் அளவுக்கு 8, அடையாள எண்ணுக்கு 8. நடுவிலுள்ள மூன்றையும் பூச்சியமாக விடுங்கள். வடிகட்டிக்கு 4294967295 கொடுத்தால் எல்லாக் காரணங்களும் வரும். விடைக்கு 65536 பைட் இடம் ஒதுக்கினால் போதும். விடையின் முதல் 8 பைட் அடுத்த முறைக்கான தொடக்க எண். அதையே மறுபடி கொடுத்துச் சுற்றிச்சுற்றி அழைக்க வேண்டும். வெறும் 8 பைட் மட்டும் திரும்பினால் பதிவேடு முடிந்தது.

பதிவுகளைப் பிரிக்கும் இடத்தில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஒவ்வொரு பதிவின் முதல் 4 பைட் அதன் நீளம். அடுத்த பதிவுக்குப் போக அந்த நீளத்தைக் கூட்டுங்கள், உங்கள் கணக்கில் ஒரு நீளத்தை ஊகிக்காதீர்கள். பூச்சியத்திலிருந்து எண்ணினால், 8ஆம் பைட்டில் கோப்பின் எண், 16இல் அது இருக்கும் கோப்புறையின் எண், 32இல் நேரம், 40இல் காரணம், 56இல் பெயரின் நீளம், 58இல் பெயர் தொடங்கும் இடம். பெயரின் நீளம் பைட்டில் சொல்லப்படுகிறது. ‘கொழுந்து’ என்பதை நாம் நான்கு எழுத்தாக எண்ணுவோம். பதிவேட்டில் பெயர்கள் எழுதப்படும் யூடிஎஃப் 16 முறையில் அது எட்டுக் குறியீடு, அதாவது 16 பைட். நான்கு என்று எண்ணி வெட்டினால் பெயர் சிதைந்துவிடும். திரையில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தால், விடையை யூடிஎஃப் 8 கோப்பில் எழுதித் திறந்து பாருங்கள்.

நேரம் 1601 ஜனவரி 1 முதல், நூறு நானோசெக்கன் அலகில், உலகப் பொது நேரப்படி எண்ணப்படுகிறது. அதை 10000000ஆல் வகுத்து 11644473600ஐக் கழித்தால் பைதனுக்குப் பழக்கமான நொடிக் கணக்கு வரும். நம் நேரத்துக்கு இன்னும் ஐந்தரை மணித்தியாலம் கூட்ட வேண்டும். பைதன் உள்ளூர் நேரமாகத் தானே மாற்றித் தந்தால் மீண்டும் கூட்ட வேண்டாம்.

காரணம் பல எண்களின் கூட்டு: 256 உருவானது, 512 அழிந்தது, 4096 பழைய பெயர், 8192 புதிய பெயர், 2147483648 மூடப்பட்டது. கோப்பு மூடப்படும் வரை காரணங்கள் சேர்ந்துகொண்டே போவதால், ஒரே திருத்தத்துக்குப் பல பதிவுகள் வரும். எக்செல் சேமிக்கும்போது தற்காலிகக் கோப்பில் எழுதிப் பிறகு பெயர் மாற்றுவதால், கோப்பின் எண்ணே மாறிவிடுவதும் உண்டு. ஆகவே பெயராலும் தேடுங்கள்.

தோட்டத்துக் கணினியில் அந்தப் பெயருக்கு 512 எங்குமே இல்லை. பிற்பகல் 4.12க்கு ஒரு 4096, அதன் பின்னாலேயே ஒரு 8192. இரண்டிலும் பெயரும் கோப்பின் எண்ணும் ஒன்று, கோப்புறையின் எண் மட்டும் வேறு. ஒரே டிஸ்க்குக்குள் கோப்பை இடம் மாற்றினால் பதிவு இப்படித்தான் விழும். 8192 பதிவிலிருந்த கோப்புறையின் எண்ணை, எண்ணைக் கொண்டே திறக்கும் ஓப்பன்ஃபைல்பைஐடி என்ற செயற்கூற்றுக்குக் கொடுத்துத் திறந்து, அந்தக் கைப்பிடியிலிருந்து முழுப் பாதையையும் கேட்டேன். சென்ற வருடத்துக் கணக்குகள் கிடந்த பக்கத்துக் கோப்புறை வந்தது. மவுஸ் இழுபட்டுப் போன கோப்பு ஒரு வரியும் குறையாமல் அதற்குள் இருந்தது. பதிவை அச்செடுத்து, எல்லோர் முன்னாலும் அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்தேன்.