தொலைவில் இருந்துகொண்டு சென்னைப் புறநகரில் வீடு வாங்குவோர் பகுதியைத் தேர்ந்தெடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

துபாயிலோ சிங்கப்பூரிலோ பெங்களூரிலோ வேலை பார்த்துக்கொண்டு, சென்னைப் புறநகரில் 40, 50 லட்சத்துக்குள் ஒரு வீட்டை வாங்கிவிட வேண்டும் என்று தேடுகிறவர்கள் பெரும்பாலும் வீட்டைப் பற்றியே விசாரிக்கிறார்கள். எத்தனை படுக்கையறை, வாசல் எந்தத் திசை, சதுர அடி என்ன விலை என்பதோடு விசாரணை நின்றுவிடுகிறது. வீட்டில் உள்ள குறையைப் பணம் செலவழித்துச் சரிசெய்துகொள்ளலாம்; பகுதியில் உள்ள குறையைத் தனி ஒருவரால் சரிசெய்ய முடியாது. ஒரே சாலையில் சற்றுத் தள்ளிப் போனதும் விலை சட்டென்று இறங்குகிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். உள்ளூரில் குடியிருப்பவருக்கு அது தெரியும். தொலைவில் இருப்பவர் அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்கும் வரை முன்பணம் கொடுக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

முதல் தவறு, ஊர்ப் பெயரை நம்பி முடிவெடுப்பது. விளம்பரத்தில் 'தாம்பரம் அருகில்' என்று வரும் மனை படப்பையையும் தாண்டி இருக்கலாம், 'ஓ.எம்.ஆர்.' (பழைய மாமல்லபுரம் சாலை) என்று வருவது அந்தச் சாலையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கலாம். பத்திரத்தில் எழுதப்போவது வட்டம், வருவாய்க் கிராமம், சர்வே எண் ஆகியவைதான். ஆகவே புரோக்கரிடம் முதலில் கேட்க வேண்டியது சர்வே எண்ணும் உட்பிரிவு எண்ணும். "முதலில் இடத்தை வந்து பாருங்கள் சார், நம்பர் எல்லாம் அப்புறம் தருகிறோம்" என்று சொல்பவரிடம் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்வது நல்லது.

சர்வே எண் கையில் இருந்தால், உலகின் எந்த மூலையிலிருந்தும் பாதி விசாரணையை முடித்துவிடலாம். வருவாய்த் துறையின் இணையதளத்தில் பட்டாவையும், நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புலப்படத்தையும், ஒவ்வொரு சர்வே எண்ணும் எந்த வகை நிலம் என்று சொல்லும் அ-பதிவேட்டையும் பார்க்கலாம். பதிவுத் துறையின் தளத்தில் வில்லங்க விவரத்தையும் அந்தத் தெருவின் வழிகாட்டி மதிப்பையும் கட்டணமின்றிப் பார்க்கலாம். அந்த எண் குடியிருப்புப் பகுதியில் வருகிறதா, தொழிற்சாலைப் பகுதியில் வருகிறதா, வேளாண் பகுதியில் வருகிறதா என்பதை சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) இரண்டாம் முழுமைத் திட்டம் சொல்லும். இவ்வளவையும் பார்க்கிறவர்கள்கூட ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: தாங்கள் வாங்கும் எண்ணுக்குப் பட்டா சரியாக இருக்கிறது என்றதும் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். புலப்படத்தில் நான்கு பக்கமும் உள்ள பக்கத்துச் சர்வே எண்களைக் குறித்துக்கொண்டு, அவற்றின் வகைபாட்டையும் அ-பதிவேட்டில் பார்க்க வேண்டும். பக்கத்து எண் 'ஏரி', 'ஓடை', 'வாய்க்கால்' என்று பதிவாகியிருந்தால், இன்று அங்கே தார்ச்சாலையும் கடைகளும் இருந்தாலும் மழைக்காலத்தில் தண்ணீர் பழைய வழியிலேயே வரும்.

சென்னையில் ஒரு பகுதி மலிவாக இருப்பதற்கு முக்கியமான காரணம் வெள்ளம்தான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்து, மக்களைப் படகில் மீட்க வேண்டியிருந்தது. அடையாற்றின் மேல்பகுதியில், மணிமங்கலம், ஆதனூர் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் வந்து சேரும் தாழ்வான நிலம் அது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் வட்டாரங்களில் பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. தென்சென்னையின் பல ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குத்தான் வடிகிறது. அந்தச் சதுப்பு நிலம் சுருங்கச் சுருங்க, சுற்றியுள்ள குடியிருப்புகளில் தண்ணீர் நிற்கிறது. 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்ட அந்த நிலத்திலும், அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள்ளும், பாதிப்பு எல்லை வரையறுக்கப்படும் வரை கட்டுமான அனுமதி வழங்கக் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2025இல் உத்தரவிட்டது. அந்த வட்டாரத்தில் கட்டி முடிக்கப்படாத குடியிருப்பில் வீடு வாங்க நினைப்பவர், தீர்ப்பாயத்திலும் நீதிமன்றத்திலும் இதன் இன்றைய நிலை என்ன என்று ஒரு வழக்கறிஞர் மூலம் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே மேற்கொண்டு பேச வேண்டும்.

இதற்காக ஒரு முடிச்சூரையோ வேளச்சேரியையோ முழுவதுமாக ஒதுக்கிவிடுவதும் தவறுதான். ஒரே ஊரில் ஒரு தெரு மூழ்கும், அடுத்த தெரு மூழ்காது. கூகுள் எர்த்தில் பழைய செயற்கைக்கோள் படங்களை ஆண்டு வாரியாகப் பார்க்கும் வசதி இருக்கிறது. மனை இருக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, 2005 வாக்கிலிருந்து ஒவ்வொரு ஆண்டாக நகர்த்திப் பார்க்க வேண்டும். மழைக்காலம் முடிந்த டிசம்பர், ஜனவரிப் படங்கள் கிடைத்தால் அவற்றில் கூடுதல் கவனம் தேவை. இன்று வரிசையாக வீடுகள் நிற்கும் இடத்தில் பத்தாண்டுகளுக்கு முன்பு ஏரியின் கரை வளைந்து போவதும், வயல்களுக்கு நடுவே வாய்க்கால் ஒன்று கறுப்புக் கோடாக ஓடுவதும் அங்கே தெளிவாகத் தெரியும்.

அடுத்து, நேரில் போகிறவரிடம் வீடியோ அழைப்பில் வீட்டுக்குள் காட்டச் சொல்வதற்கு முன்பு தெருவைக் காட்டச் சொல்லுங்கள். பக்கத்து வீடுகளின் அடித்தளம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். புதிய வீடுகளுக்கெல்லாம் ஏழெட்டுப் படி ஏறித்தான் போக வேண்டியிருக்கிறது, பழைய வீடுகளின் வாசல் சாலையைவிடத் தாழ்ந்து கிடக்கிறது என்றால் அந்தத் தெரு தண்ணீருக்குப் பயந்து உயர்ந்திருக்கிறது என்று பொருள். காம்பவுண்டுச் சுவரில் ஒரே மட்டத்தில் ஓடும் பழுப்புக் கறை, தரையை விட்டு மேலே தூக்கிக் கட்டிய மின்மீட்டர் பெட்டி, வாசலில் அடுக்கி வைத்த மணல் மூட்டைகள் ஆகிய ஒவ்வொன்றும் சாட்சி. தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடமும் தண்ணீர் கேன் போடும் பையனிடமும் "கடைசி மழைக்குத் தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேட்டால், எந்த விளம்பரத்திலும் வராத பதில் கிடைக்கும். விடுமுறைக்கு ஊருக்கு வருவோர் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் வந்து இடம் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அந்த வெயிலில் எந்தத் தெருவும் மேடாகத்தான் தெரியும்.

ஆனால் அதே கோடையில் விசாரிக்க வேண்டிய வேறொன்று உண்டு: குடிநீர். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுபோனபோது, பழைய மாமல்லபுரம் சாலையில் இருந்த ஐ.டி. நிறுவனங்கள் சில, ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னன. அந்தச் சாலையை ஒட்டிய பல அடுக்குமாடிக் குடியிருப்புகள் லாரித் தண்ணீரை நம்பியே இருக்கின்றன. கழிவுநீர்க் குழாய் வராத இடங்களில் அதை எடுக்கவும் லாரிதான் வருகிறது. விலையில் நான்கு லட்சம் குறைவாகக் கிடைத்த வீட்டுக்கு, மாதப் பராமரிப்புத் தொகையில் நான்காயிரம் கூடுதலாகக் கட்ட வேண்டியிருந்தால் ஒன்பது ஆண்டுகளுக்குள் அந்த லாபம் கரைந்துவிடும். குடியிருப்போர் சங்கத்திடம் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான பராமரிப்புக் கணக்கைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது கட்டாயம். தனி வீடென்றால் போர்வெல் எத்தனை அடி, தண்ணீர் உப்பா, பக்கத்து வீட்டில் மே மாதம் மோட்டார் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று கேட்க வேண்டும்.

வரப்போகும் திட்டங்களுக்காக இன்றே விலை கொடுப்பது, தொலைவில் இருப்பவர்கள் எளிதில் விழும் இன்னொரு குழி. பறக்கும் ரயில் 2007இல் வேளச்சேரிக்கு வந்தது; அங்கிருந்து பரங்கிமலை வரையிலான வெறும் 5 கிலோமீட்டர் நீட்டிப்பு பத்தாண்டுகளுக்கும் மேலாக இழுபட்டது. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறக்கப்பட்டபோது அதற்கென ரயில் நிலையம் இல்லாததால், பயணிகள் வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ போய்த்தான் ரயில் ஏற வேண்டியிருந்தது. மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் மூன்றாம் வழித்தடம் சிறுசேரி சிப்காட்டோடு முடிகிறது. அதையும் தாண்டிய மனைகளுக்கும் மெட்ரோவைக் காட்டித்தான் விலை சொல்கிறார்கள். 2022இல் பரந்தூர் விமான நிலையம் அறிவிக்கப்பட்டதும் காஞ்சிபுரம் சாலை நெடுக லே-அவுட் விளம்பரங்கள் முளைத்தன. ஏகனாபுரம் மக்கள் அந்தத் திட்டத்தை எதிர்த்துப் போராடியது அந்த விளம்பரங்களில் வரவில்லை. இன்று ஓடும் பேருந்து எத்தனை நிமிடத்துக்கு ஒன்று, மின்சார ரயில் நிலையத்துக்கு ஷேர் ஆட்டோ உண்டா, இரவு பத்து மணிக்கு மேல் எப்படித் திரும்புவது என்பவற்றுக்கு மட்டுமே விலை கொடுக்க வேண்டும்; திட்டம் வந்தால் அது கூடுதல் பயன்.

அனுமதி தொடர்பானவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 'டி.டி.சி.பி.க்கு (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ளை பண்ணியாச்சு' என்பது அனுமதி அல்ல. லே-அவுட்டின் சாலைகள் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் மூலம் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் தெருவிளக்குக்கும் சாலைக்கும் கேட்க ஆள் இருக்காது. வீட்டு மனைத் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டத்தின்கீழ் பதிவு இருக்கும் என்று தாமாக நினைத்துக்கொள்வதும் தவறு: 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்திலோ எட்டு வீடுகளுக்கு மேற்படாமலோ கட்டினால் அந்தப் பதிவு தேவையில்லை. இரண்டு கிரவுண்டே 446 சதுர மீட்டர்தான் என்பதால், புறநகரில் மலிவாகக் கிடைக்கும் சிறு அடுக்குமாடிகள் பல ரெராவுக்கு வெளியே நிற்கின்றன. அவற்றுக்கு நம் சார்பில் ஒரு வழக்கறிஞரும் ஒரு பொறியாளரும் தனியாகப் பார்ப்பது அவசியம். வெளிநாடுவாழ் இந்தியர்கள் வேளாண் நிலமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க முடியாது என்பதால், 'ஃபார்ம் லேண்ட்' என்று மலிவாக வரும் விளம்பரங்களை அவர்கள் திரும்பிப் பார்க்கவே வேண்டாம்.

கடைசியாக, உறவினரை நம்புவதைப் பற்றி. அண்ணனோ மச்சானோ போய்ப் பார்த்துவிட்டு "இடம் நல்லா இருக்கு, தாராளமா வாங்கலாம்" என்று சொல்வதை வைத்து முடிவெடுப்பவர்கள் ஏராளம். அவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் தன் தேவையை வைத்துத் தனக்குத் தெரிந்த ஊரைத்தான் நல்லது என்பார், பிறகு குறை தெரிந்தால் அவரிடம் கேட்கவும் முடியாது. அவரிடம் அபிப்பிராயம் கேட்பதைவிட வேலையைப் பிரித்துக் கொடுப்பது இருவருக்கும் நல்லது: காலை எட்டு மணிக்கு அந்தத் தெருவிலிருந்து ரயில் நிலையம் வரை வண்டியில் போய் நேரத்தைக் குறிப்பது, மழை பெய்த மறுநாள் தெருவைப் படம் எடுத்து அனுப்புவது, பக்கத்தில் மூன்று வீடுகளில் தண்ணீரைப் பற்றிக் கேட்டு வருவது. பத்திரப் பதிவுக்காக அவருக்குப் பவர் கொடுக்க நேர்ந்தால், அந்தக் குறிப்பிட்ட சொத்தை வாங்குவதற்கு மட்டுமான தனி அதிகார ஆவணமாக, சர்வே எண்ணைக் குறிப்பிட்டுக் கொடுக்க வேண்டும்; வெளிநாட்டில் இருப்பவர் அதை இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வையும் செலுத்தியாக வேண்டும்.