சாப்பாட்டுக் கடைச் சம்பளம்: மணிக்கணக்கைச் சரியாகப் போடுவது எப்படி

மலேசியாவில், கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்சில் மதியம் பதினொன்றரைக்கு வாழை இலை போடும் கடையில், காலை ஏழரைக்கே ஒருவர் வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிடுவார். சம்பளக் கணக்கு பெரும்பாலும் தப்புவது இங்கேதான். கடை திறந்திருந்த நேரத்தை எழுதுகிறார்கள், ஆள் வேலை செய்த நேரத்தை எழுதுவதில்லை.

முதலில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஆளுக்கொரு நோட்டு வையுங்கள். தினமும் நான்கு நேரம் எழுத வேண்டும்: வந்தது, ஓய்வுக்குப் போனது, திரும்பியது, கிளம்பியது. ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகும் தோசைக்கல் தேய்க்க வேண்டும், அண்டா கழுவ வேண்டும், தரையில் சோப்புத் தண்ணீர் ஊற்றித் தள்ள வேண்டும். இந்த நாற்பது நிமிடமும் வேலைதான். ஐந்து மணி நேரம் தொடர்ந்து உழைத்தால் குறைந்தது 30 நிமிட ஓய்வு தரவேண்டும். ஓய்வு அதற்குக் குறைந்தால் சட்டப்படி அது இடைவெளியே அல்ல. பாதிச் சோற்றில் எழுந்து போய் ரொட்டி சானாய் போட்டுவிட்டு வந்தவருக்கு ஓய்வு கொடுத்ததாக எழுதாதீர்கள்.

அடுத்து மணிக்கூலி. 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வழக்கமான வேலை. ஆறு நாளுக்குச் சமமாகப் பிரித்தால் நாளுக்கு ஏழரை மணி. குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியை (ரிங்கிட்) 26ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி 65.38 வெள்ளி. அதை 7.5ஆல் வகுத்தால் மணிக்கு 8.72. ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 13.08. பழைய பழக்கத்தில் 8ஆல் வகுப்பவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஏழரை மணி வேலைக்கு அது தவறு, தொழிலாளியின் பணம்தான் குறையும்.

காலை பத்து முதல் இரவு பத்து வரை நின்று, ஒரு மணி நேரம் ஓய்வெடுத்த புரோட்டா மாஸ்டருக்கு வேலை 11 மணி நேரம். அதில் ஓவர்டைம் மூன்றரை மணி. 26 நாளுக்கு 91 மணி நேரம், 1,190 வெள்ளி. அடிப்படையோடு சேர்த்து 2,890. ‘எல்லாம் சேர்த்து இரண்டாயிரம்’ என்று வாய்ப்பேச்சில் முடித்த கடையில் அவர் கையைவிட்டு மாதம் 890 வெள்ளி போகிறது. மேலே சொன்ன நாற்பது நிமிடத்தையும் எழுதாமல் விட்டால் இன்னும் 226 வெள்ளிக்கு மேல் நட்டம். அதை எழுதினால் ஓவர்டைம் 108 மணியைத் தாண்டும். மாத வரம்பு 104 மணிதான், ஆகவே அப்போது இன்னோர் ஆளைச் சேர்க்க வேண்டும்.

ஓய்வு நாளில் ஏழரை மணி முழுக்க வேலை வாங்கினால் கூடுதலாக ஒரு நாள் கூலி, அதற்கு மேல் ஒவ்வொரு மணிக்கும் இரண்டு மடங்கு. பொது விடுமுறையில் கூடுதலாக இரண்டு நாள் கூலி, அதற்கு மேல் மணிக்கு மூன்று மடங்கு. கடையின் 11 விடுமுறைகளில் தீபாவளி இருந்தால், அன்று 11 மணி நேரம் நின்றவருக்கு மாதச் சம்பளத்துக்கு மேல் 222.31 வெள்ளி சேரும். உள்ளூர்க்காரர், வெளிநாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர் என்று இதில் வேறுபாடு இல்லை.

சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வங்கிக் கணக்கில் ஏற வேண்டும். ஓவர்டைம், ஓய்வு நாள் வேலை, பொது விடுமுறை வேலை ஆகியவற்றின் காசு மட்டும் அடுத்த மாதக் கடைசி வரை போகலாம். இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கணக்கில் ஓவர்டைம் சேராது, சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) சேரும். இரண்டையும் ஒரே தொகைக்குக் கட்டும் கடைகளில் பிறகு தகராறு வருகிறது. உடைந்த தட்டுக்கும் கல்லாவில் குறைந்த காசுக்கும் முதலாளி இஷ்டத்துக்குச் சம்பளத்தில் பிடிக்க முடியாது. கொடுத்த முன்பணத்தைப் பிடிக்கலாம், வட்டி சேர்க்கக் கூடாது.

பாஸ்போர்ட்டைப் ‘பத்திரமாக’ வாங்கி வைப்பது குற்றம். அது தொழிலாளியின் கையில்தான் இருக்க வேண்டும். பூட்டோடு ஓர் அலமாரி கொடுங்கள், சாவி அவரிடம் இருக்கட்டும்.

தொழிலாளியாக இருந்தால், நோட்டின் பக்கத்தை வாரம் ஒருமுறை போனில் படம் எடுத்து வையுங்கள். தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கும் நாளில் அந்தப் படமும் சம்பளச் சீட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், எந்த நாளில் எத்தனை மணி விடுபட்டது என்று அதிகாரியிடம் விரல் வைத்துக் காட்டலாம்.