வெளிநாட்டில் கார்டை நீட்டும் முன்

வெளிநாட்டுக் கடையில் கார்டைச் செருகியதும் சில மெஷின்கள் ஒரு கேள்வி கேட்கும்: இந்த நாட்டுப் பணத்தில் கட்டுகிறீர்களா, உங்கள் நாட்டுப் பணத்திலா? நமக்குப் பழகிய பணத்தில் தொகை தெரிகிறதே, கணக்குப் போடும் வேலை மிச்சம் என்று அதை அழுத்தத்தான் கை போகும். அழுத்தாதீர்கள். அழுத்தினால் ரேட்டை முடிவு செய்வது விசாவோ மாஸ்டர்கார்டோ உங்கள் வங்கியோ இல்லை, மெஷினை நடத்தும் கம்பெனிக்காரர்கள். அவர்கள் தங்கள் லாபத்தை ரேட்டுக்குள் ஏற்றிவிட்டுத்தான் தொகையையே காட்டுவார்கள். டைனமிக் கரன்சி கன்வர்ஷன் என்று இதற்கு ஒரு பெரிய பெயர் வேறு. எப்போதும் அந்த நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். கடைக்காரர் உங்களைக் கேட்காமலே அழுத்திவிட்டாரா, பின் நம்பர் போடுவதற்கு முன் கேன்சல் செய்து மறுபடி போடச் சொல்லுங்கள், கூச்சப்பட இதில் எதுவும் இல்லை.

ஏடிஎம்மிலும் இதே கதைதான். கன்வர்ஷன் வேண்டாம் என்று அழுத்தினால் பணமே வராதோ என்று பயமாக இருக்கும், ஆனால் வரும். எடுக்கும் ஒவ்வொரு முறைக்கும் தனிக் கட்டணம் பிடிப்பது வழக்கம் என்பதால், கொஞ்சம் கொஞ்சமாக நாலு தடவை எடுப்பதைவிட ஒரே தடவையில் எடுப்பது நல்லது.

அப்புறம், 'கமிஷன் இல்லை' என்று போர்டு மாட்டிய பண மாற்றுக் கவுன்டர்கள். அங்கே பார்க்க வேண்டியது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே உள்ள இடைவெளியைத்தான். 84-க்கு வாங்கி 90-க்கு விற்கிறார்கள் என்றால் அந்த ஆறில்தான் கமிஷன் ஒளிந்திருக்கிறது. விமான நிலையத்தில் இந்த இடைவெளி பெரும்பாலும் அகலமாக இருக்கும், அதனால் அங்கே வண்டிச் செலவுக்கு வேண்டியதை மட்டும் மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

கார்டு குறைந்தது இரண்டு வேண்டும், இரண்டையும் ஒரே பர்சில் வைக்காதீர்கள். வெளிநாட்டுப் பயன்பாட்டைக் கிளம்பும் முன்பே ஆன் செய்துவிடுங்கள். ஓடிபி வரும் சிம் அங்கே வேலை செய்யுமா என்பதையும் பாருங்கள், பலர் மாட்டிக்கொள்வது இதில்தான். ஹோட்டலிலும் வாடகைக் காரிலும் முன்பணமாக ஒரு தொகையை கார்டில் பிடித்து வைப்பார்கள்; டெபிட் கார்டு என்றால் அது உங்கள் சொந்தப் பணம், விடுவிக்கச் சில நாள் ஆகலாம், அதுவரை கையைப் பிசைய வேண்டியதுதான். இதற்கு கிரெடிட் கார்டே சரி.

ரொக்கத்தில் சுழியங்களை எண்ணுங்கள். வியட்நாமில் 20,000 டாங் நோட்டும் 5,00,000 டாங் நோட்டும் இரண்டுமே நீலச் சாயலில் இருக்கும், இருட்டில் அவசரமாக நீட்டினால் 25 மடங்கு கொடுத்துவிடுவீர்கள். குவைத் தினாரில் புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம், ஒரு தினார் என்பது 1000 ஃபில்ஸ். ஐரோப்பா முழுக்க யூரோதான் என்றும் நினைக்காதீர்கள். சுவிட்சர்லாந்தில் ஃபிராங்க், டென்மார்க்கில் குரோன்.

நாணயங்களைப் பெரும்பாலான கவுன்டர்கள் திரும்ப வாங்காது, நோட்டு மட்டும்தான். கடைசி நாளில் சில்லறையை எல்லாம் கொட்டிவிட்டு மீதியை மட்டும் கார்டில் போடச் சொன்னால் பல கடைகளில் ஒத்துக்கொள்வார்கள்.