குரூப்பில் பிறந்தநாள் பாட்டு போடுவது எப்படி

ஜூன் பிறந்துவிட்டால் எங்கள் காலேஜ் வாட்ஸ்அப் குரூப்புக்குத் திருவிழாதான். 2ஆம் தேதி இளையராஜா, 4ஆம் தேதி எஸ்.பி.பி., 15ஆம் தேதி மலேசியா வாசுதேவன், 24ஆம் தேதி கண்ணதாசனும் எம்.எஸ்.வி.யும். ஆனால் ரொம்ப நாள் அந்தத் திருவிழா எப்படி நடந்தது என்றால், காலையில் ஒருத்தர் பூ பார்டர் வைத்த ஃபோட்டோ ஒன்றைப் போடுவார், பத்துப் பேர் கும்பிடு எமோஜி போடுவார்கள், ஒன்பது மணிக்கெல்லாம் முடிந்துவிடும். ஒருத்தராவது பாட்டைக் கேட்டிருப்பாரா? சந்தேகம்தான்.

முதல் வேலை, ஒரே ஒரு பாட்டு. பதினைந்து லிங்க் போட்டால் ஒன்றைக்கூடத் திறக்கமாட்டார்கள், இதில் எனக்கு நல்ல அனுபவம். ஒரு லிங்க், கூடவே நாலு வரி. அந்த நாலு வரியில் "என்னா பாட்டு! மனுஷனா இவர்?" என்று எழுதிப் பிரயோஜனம் இல்லை, எந்த இடத்தைக் கேட்கணும் என்று சொல்லுங்கள். "ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி வயலின் எல்லாம் அடங்கினதும் பேஸ் கிட்டார் மட்டும் தனியா ரெண்டு சுற்று வரும், ஹெட்ஃபோன் மாட்டிக் கேளுடா" என்று எழுதிப் பாருங்கள். அந்தப் பாட்டை நூறு தடவை கேட்டவன்கூட "அப்படியா?" என்று திறப்பான், அப்புறம் அது பேஸ் இல்லை செல்லோ என்று சண்டைக்கு வருவான். அந்தச் சண்டைக்காகத்தானே குரூப்பே. கம்ப்யூட்டரில் யூடியூப் திறந்து ஷேர் அழுத்தினால், லிங்குக்குக் கீழே எந்த நொடியிலிருந்து ஓட வேண்டும் என்று டிக் செய்ய ஒரு கட்டம் இருக்கும். செல்லில் அனுப்புகிறீர்கள் என்றால் "2:10லிருந்து கேள்" என்று எழுதிவிட்டாலே போதும்.

அடுத்தது சரிபார்ப்பது. முக்கால்வாசிப் பேர் சொதப்புவது இங்கேதான், நானும் சேர்த்து. ஜெயச்சந்திரன் பாடிய ஒரு பாட்டைப் போட்டு "யேசுதாஸ் குரலில் என்ன ஒரு சோகம்" என்று பத்து வரி உருகியிருக்கிறேன், மூன்று வருஷம் ஆகியும் எந்தப் பாட்டு போட்டாலும் "இதையும் யேசுதாஸ்தானே பாடினார்?" என்று கேட்கிறார்கள். எண்பதுகளில் வந்த பாட்டெல்லாம் ராஜா என்று கையைத் தூக்காதீர்கள், 'மௌன கீதங்கள்' படத்துக்கு இசை கங்கை அமரன். 1969ல் வந்த 'ஆயிரம் நிலவே வா' எம்.எஸ்.வி. இல்லை, கே.வி.மகாதேவன். யூடியூபில் ஏற்றியவர் தலைப்பில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். படமே யூடியூபில் இருந்தால் முதல் சில நிமிஷம் டைட்டில் கார்டைப் பார்த்துவிடுங்கள், அதைவிட நல்ல சாட்சி கிடையாது. பாடலாசிரியர்கள் நாலு பேர் என்றால் கார்டில் எல்லாப் பேரும் மொத்தமாகத்தான் வரும், எந்தப் பாட்டு யாருடையது என்று அதிலிருந்து தெரியாது, அதற்குப் பழைய கேசட் அட்டையோ ரெக்கார்டு உறையோ பார்க்கணும். அதுவும் கிடைக்கவில்லையா, பாடலாசிரியர் பேரை விட்டுவிட்டுப் பாட்டைப் போடுங்கள்.

தேதியையும் பாருங்கள். எம்.எஸ்.வி.க்கு ஜூலை 14 அன்று பிறந்தநாள் வாழ்த்து சொல்லி ஒரு ஃபார்வர்டு வந்தது, அது அவர் 2015ல் காலமான நாள். இளையராஜா விஷயம் இன்னும் சுவாரஸ்யம். அவர் பிறந்தது ஜூன் 3, ஆனால் அது கலைஞர் பிறந்தநாள் என்பதால் தன்னுடையதை 2ஆம் தேதிக்கு மாற்றிக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். இது தெரியாமல் வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் 3ஆம் தேதி "எல்லாரும் நேத்தே தப்பா போட்டுட்டீங்க" என்று கிளம்புவார்.

எண்ணிக்கைப் பெருமையும் அப்படித்தான். எஸ்.பி.பி. எத்தனை ஆயிரம் பாட்டு பாடினார் என்பதற்கு ஆளுக்கொரு கணக்கு. அதற்குப் பதிலாக, நாலு மொழிகளில் ஆறு முறை தேசிய விருது வாங்கியவர் என்று போடலாம், அதில் தமிழுக்குக் கிடைத்த ஒன்று ரஹ்மான் இசையில் என்று சேர்த்தால் ராஜா கோஷ்டி, ரஹ்மான் கோஷ்டி ரெண்டும் எழுந்து உட்காரும்.

கண்ணதாசன் 1927, எம்.எஸ்.வி. 1928, ரெண்டு பேருக்கும் ஜூன் 24. அன்றைக்கு எங்களிடம் ஒரு விளையாட்டு உண்டு: ரெண்டு பேரும் சேர்ந்து செய்த ஒரு பாட்டு, ஆளுக்கு ஒன்று, வரி பெரிசா மெட்டு பெரிசா என்று ஒரே வரியில் காரணம் சொல்லணும். வாட்ஸ்அப்பில் ஓட்டுப் போடுகிற 'போல்' (poll) வசதியில் 12 பாட்டு வரை வைக்கலாம், சாயங்காலம் ஓட்டெடுப்பு. ஜெயித்த பாட்டை மேலே பின் பண்ணிவிடுவோம். சேர்ந்து ப்ளேலிஸ்ட் போடுவது என்றால் ஸ்பாட்டிஃபையில் எல்லாரும் சேர்க்கிற மாதிரி அழைப்பு லிங்க் அனுப்பலாம், ஆனால் ஆளுக்கு ஒரு பாட்டு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒருத்தன் நாற்பது பாட்டைக் கொட்டிவிட்டுப் போவான். எல்லாக் குரூப்பிலும் அப்படி ஒருத்தன் இருக்கிறான்.

பாட்டுக்குப் பதிலாகப் படம் சிபாரிசு செய்வதற்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எந்த ஓடிடியில் இருக்கிறது, எவ்வளவு நேரம், குழந்தைகளோடு பார்க்கலாமா, இந்த மூன்றையும் சொல்லுங்கள், க்ளைமாக்ஸைச் சொல்லாதீர்கள்.

சரி, பிறந்தநாள் நம்ம நண்பருக்கே என்றால்? அவருக்குப் பிடித்த பாட்டில் ஆளுக்கு ரெண்டு வரி பாட வைத்து வாய்ஸ் நோட்டாக வாங்குங்கள். அவரை விட்டுவிட்டுத் தனிக் குரூப் போடணும், பேர் மட்டும் 'சர்ப்ரைஸ்' என்று வைக்காதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது நோட்டிஃபிகேஷன் வந்தால் மாட்டிக்கொள்வீர்கள். நாங்கள் 'கரண்ட் பில்' என்று வைத்தோம். பாடுகிறவர் ஃபேனை நிறுத்திவிட்டு, செல்லை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துப் பாடச் சொல்லுங்கள். சுருதி சேராதது பரவாயில்லை, ஃபேன் சத்தத்தை மட்டும் அப்புறம் எடுப்பது பெரும்பாடு. மூன்று நாள் முன்னாடியே கெடு வையுங்கள், எப்படியும் ரெண்டு பேர் முந்தின ராத்திரிதான் அனுப்புவார்கள். இன்ஷாட் மாதிரி ஏதாவது ஒரு செயலியில் பழைய ஃபோட்டோக்களோடு ஒட்டி, மூன்று நிமிஷத்துக்குள் முடித்துவிடுங்கள். அனுப்பும்போது வீடியோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அமுக்கி மங்கலாக்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள்.

வேலை முடிந்ததும் அந்தத் தனிக் குரூப்பைக் கலைத்துவிடுவது நல்லது. நாங்கள் கலைக்கவில்லை, இப்போது அதில் எல்லாரும் நிஜமாகவே கரண்ட் பில்லைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.