பழைய டிஎஸ்எல்ஆரா, புதிய காம்பாக்ட்டா? வட சென்னையில் நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழிகாட்டி

அலமாரியில் பத்துப் பதினைந்து வயதான, லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்று சும்மா கிடக்கும்போது, சட்டைப்பைக்குள் அடங்கும் புதிய காம்பாக்ட் கேமரா ஒன்றை வாங்கலாமா என்ற கேள்விக்கு மெகாபிக்சல் எண்ணை வைத்து விடை சொல்ல முடியாது. பழைய கேமராவை இப்போது உங்களிடம் இருக்கும் லென்ஸோடு சேர்த்து ஒரு பக்கமும், கழற்ற முடியாத லென்ஸோடு வரும் காம்பாக்ட்டை மறுபக்கமும் வைத்து, நீங்கள் வழக்கமாகப் படம் எடுக்கும் இடத்திலேயே இரண்டையும் சோதிக்க வேண்டும். காசிமேட்டில் விடியற்காலையில் படம் எடுப்பவருக்கும் ராயபுரத்தில் பகல் வெளிச்சத்தில் கட்டடங்களைப் படம் எடுப்பவருக்கும் ஒரே விடை பொருந்தாது. நண்பரிடமோ வாடகைக்கோ ஒரு காம்பாக்ட் கிடைத்தால், ஒரு வார இறுதியில் இந்தச் சோதனைகளை முடித்துவிடலாம்.

பேச்சு காற்றில் மிதக்காமல் இருக்க, இரண்டு கேமராக்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, 2008இல் வந்த நிக்கான் டி90, 12.3 மெகாபிக்சல், கேமராவோடு சேர்த்தே விற்கப்பட்ட 18-105 மி.மீ. கிட் லென்ஸ். மற்றொன்று, 2016இல் வந்த கேனான் ஜி7 எக்ஸ் மார்க் 2, 20.1 மெகாபிக்சல், முழுச்சட்டக அளவில் (36 × 24 மி.மீ. சென்சார் உள்ள கேமராவின் கணக்கில்) சொன்னால் 24-100 மி.மீ. லென்ஸ், அபெர்ச்சர் (வெளிச்சம் நுழையும் திறப்பு; எஃப் எண் குறையக் குறையத் திறப்பு பெரிது) எஃப்/1.8 முதல் எஃப்/2.8 வரை. காம்பாக்ட் இன்னும் புதிதாக இருக்க வேண்டும் என்பவர்கள் 2019இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7 போன்றவற்றைப் பார்க்கலாம். அதிலும் இருப்பது அதே ஒரு அங்குல வகைச் சென்சார்தான் (ஒளியைப் படமாகப் பதியும் சில்லு) என்பதால் கீழே வரும் சென்சார் கணக்கு மாறாது; ஆனால் அதன் அபெர்ச்சர் எஃப்/2.8 முதல் எஃப்/4.5 வரை என்பதால் லென்ஸ் கணக்கு மாறும்.

முதலில் அந்தக் கணக்கு. டி90இன் சென்சார் 23.6 × 15.8 மி.மீ. ஒரு அங்குல வகை என்று அழைக்கப்படும் காம்பாக்ட் சென்சார் உண்மையில் 13.2 × 8.8 மி.மீ. பரப்பளவில் பழையது மூன்று மடங்குக்கும் மேல் பெரியது. பரப்பளவை மட்டும் வைத்துப் பார்த்தால் பழைய கேமராவுக்கு ஒன்றரை ஸ்டாப்புக்குச் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) சற்று அதிகமாகவே சாதகம் கிடைக்க வேண்டும். ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் சென்சார் தொழில்நுட்பம் முன்னேறி அதில் ஒரு பகுதியை ஈடு செய்துவிட்டதால், நடைமுறையில் ஏறத்தாழ ஒரு ஸ்டாப், அல்லது அதற்குச் சற்று மேல் என்று வைத்துக்கொள்ளலாம். இனி லென்ஸைப் பாருங்கள். கிட் லென்ஸின் அகலமான முனையில் அதிகபட்ச அபெர்ச்சர் எஃப்/3.5, காம்பாக்ட்டில் எஃப்/1.8. அதாவது கிட்டத்தட்ட இரண்டு ஸ்டாப் கூடுதல் வெளிச்சம் சிறிய சென்சாருக்குக் கிடைக்கிறது. காம்பாக்ட்டின் நீளமான முனையிலும் நிலைமை ஏறக்குறைய இதுதான். ஆகவே கிட் லென்ஸோடு இருக்கும் டி90, சென்சாரில் பெற்ற சாதகத்தை லென்ஸில் இழந்து, இருட்டில் காம்பாக்ட்டுக்குச் சற்றே பின்தங்கிவிடுகிறது.

அதே டி90இல் 50 மி.மீ. எஃப்/1.8 பிரைம் லென்ஸ் (ஜூம் இல்லாத லென்ஸ்) ஒன்றை மாட்டினால் கணக்கு தலைகீழாகிவிடும். இந்த லென்ஸ் அந்தச் சென்சாரில், முழுச்சட்டகக் கணக்கில் 75 மி.மீ. பார்வைக் கோணத்தைத் தரும். அதே கோணத்தில் காம்பாக்ட்டின் அபெர்ச்சர் எஃப்/2.8. லென்ஸிலும் சென்சாரிலும் சேர்த்து இரண்டு ஸ்டாப்புக்கு மேல் பழைய கேமரா முந்திவிடுகிறது. பின்னணி மங்கலிலும் காம்பாக்ட்டால் அருகே வர முடியாது. டி90இன் உடலுக்குள்ளேயே ஃபோகஸ் மோட்டார் இருப்பதால், தன்னுள் மோட்டார் இல்லாத பழைய டி வகை 50 மி.மீ. லென்ஸிலும் ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யும். டி3100 போன்ற தொடக்கநிலை உடல்களில் அந்த மோட்டார் இல்லை. அவற்றுக்கு மோட்டார் உள்ள ஜி வகை லென்ஸ்தான் வேண்டும். வெளிச்சக் குறைவு ஒன்றே உங்கள் குறை என்றால், புதிய கேமராவின் விலையில் சிறு பகுதியே ஆகும் இந்த லென்ஸை வாங்குவதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. கேமரா கடைக்காரர்கள் இதைத் தாமாகச் சொல்வது அரிது.

கணக்கு வழிகாட்டும், கண்ணால் பார்த்தால்தான் மனம் ஒப்பும். முதல் சோதனைக்குக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை விடச் சிறந்த இடம் கிடையாது. விடிவதற்கு முன்பே ஏலம் தொடங்கிவிடும். வெள்ளை விளக்குகளின் கீழ் ஈரத் தரையும், பனிக்கட்டியும், வஞ்சிரத்தின் பளபளப்பும், ஏலம் கேட்கும் கைகளின் அசைவும் ஒரே சட்டகத்தில் வரும். இரண்டு கேமராக்களையும் ராவில் (கேமரா திருத்தாத மூலக் கோப்பு) வையுங்கள். டி90இன் லென்ஸை ஏறத்தாழ 23 மி.மீ.யிலும் காம்பாக்ட்டை 35 மி.மீ.யிலும் வைத்தால் இரண்டும் ஒரே கோணத்தைப் பார்க்கும். ஷட்டரை இரண்டிலும் 1/125 நொடியில் நிறுத்தி, அபெர்ச்சரை முழுவதும் திறந்து, ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன் அளவை) மட்டும் ஒவ்வொன்றும் தன் தேவைக்கேற்ப உயர்த்திக்கொள்ள விடுங்கள். ஒரே ஐஎஸ்ஓவில் வைத்து ஒப்பிடுவது பலரும் செய்வதுதான். ஆனால் அது சென்சாரை மட்டும் ஒப்பிட்டு லென்ஸைக் கணக்கில் இருந்து விட்டுவிடுகிறது.

பனிக்கட்டிப் பெட்டிக்குள் கிடக்கும் ஒரு சங்கரா மீனைத் தேர்ந்தெடுத்து, அதன் செவுளுக்குப் பின்னால் உள்ள செதில்களில் ஃபோகஸ் செய்து இரண்டிலும் எடுங்கள். அந்த இளஞ்சிவப்பு நிறத்தில், ஐஎஸ்ஓ கூடக்கூட முதலில் காணாமல் போவது செதில்களின் விளிம்புக் கோடுதான். அடுத்து நிறம் திட்டுத் திட்டாக மாறும். இதைப் பார்த்தாலே எந்தக் கேமரா எந்த ஐஎஸ்ஓ வரை உங்களுக்குப் பயன்படும் என்பது தெரிந்துவிடும். ஒரு முறை பிளாஷ் போட்டும் பாருங்கள்: ஈரச் செதில் வெள்ளைப் புள்ளியாக எரிந்துபோகும் என்பதால், இந்த வேலைக்கு இரண்டு கேமராவிலும் பிளாஷ் உதவாது.

இங்கே தொழில்நுட்பத்தோடு தொடர்பில்லாத ஒரு வேறுபாட்டையும் கவனிப்பீர்கள். பெரிய கேமராவைத் தூக்கியதும், "இன்னா தம்பி, எந்த சேனலு?" என்ற கேள்வி வரும், சிலர் முறுக்கிக்கொண்டு நிற்பார்கள், சிலர் முகத்தைத் திருப்புவார்கள். காம்பாக்ட்டை யாரும் பொருட்படுத்துவதில்லை. எந்தக் கேமராவானாலும் மீன் விற்கும் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுப்பதும், தடை உள்ள பகுதிகளில் கேமராவை வெளியே எடுக்காமல் இருப்பதும் நம் பொறுப்பு.

அதே இடத்தில் சூரியன் எழும்போது, வெளிச்ச வீச்சை, அதாவது மிக வெளிச்சமான பகுதியையும் மிக இருண்ட பகுதியையும் ஒரே படத்தில் பதியும் திறனைச் சோதியுங்கள். வானம் வெளுத்துப்போகாத அளவுக்கு ஒளியைக் குறைத்து எடுத்து, வீட்டில் கணினியில் விசைப்படகுகளின் நிழற்பகுதியை மட்டும் உயர்த்திப் பாருங்கள். குறைந்த ஐஎஸ்ஓவில் இந்த இரண்டு கேமராக்களுக்கும் இடையே பெரிய வேறுபாடு தெரியாது. உங்களிடம் இருப்பது அக்காலத்துக் கேனான் உடல், எடுத்துக்காட்டாக 550டி, என்றால் நிழலை உயர்த்தும்போது கோடு கோடாக இரைச்சல் (படத்தில் விழும் புள்ளிக் கறை) தெரியக்கூடும். அங்கே காம்பாக்ட் வெல்லும். டிஎஸ்எல்ஆரில் கண்ணை வைத்துப் பார்க்கும் ஒளியியல் வ்யூஃபைண்டர் வழியாகச் சூரியனை நேராகப் பார்க்காதீர்கள். லென்ஸ் குவிக்கும் ஒளி கண்ணைக் கெடுத்துவிடும். இந்தச் சட்டகத்தை மட்டும் லைவ் வியூவில் (பின்பக்கத் திரையில் பார்த்து) அமைத்துக்கொள்ளுங்கள்.

லென்ஸின் கூர்மைக்கு ராயபுரம் ரயில் நிலையத்தின் முகப்பு பொருத்தமானது. 1856இல் திறக்கப்பட்ட அந்த நிலையத்தின் தூண்கள் சட்டகத்தின் ஓரம் வரை வரிசையாக நிற்பதால், வளைவும் மூலை மங்கலும் ஒளிந்துகொள்ள இடமில்லை. வெளியே சாலையில் நின்று, எஃப்/5.6இல் இரண்டிலும் ஒவ்வொரு படம் போதும். காம்பாக்ட்டின் ராவைத் திறக்கும் மென்பொருள் வளைவைத் தானாகவே நேராக்கிக் காட்டும்; அந்தத் திருத்தத்தில் மூலைகள் சற்று இழுபட்டிருக்கும். நடுப்பகல் வெயிலில் வ்யூஃபைண்டர் இல்லாத காம்பாக்ட்டின் திரையில் எதுவும் சரியாகத் தெரியாது என்பதையும் இங்கேயே உணர்ந்துகொள்வீர்கள்.

அசையும் பொருளுக்கு வியாசர்பாடிப் பிள்ளைகளின் கால்பந்து ஆட்டம் போதும். டி90இல் இருப்பவை 11 ஃபோகஸ் புள்ளிகள்தான், நொடிக்கு 4.5 படம்தான். ஆயினும் பொத்தானை அழுத்தியதும் படம் விழும். கண்ணாடி வழியாக நேரே தெரிவதால் ஆட்டக்காரரைத் தொடர்வதும் எளிது. ஜி7 எக்ஸ் மார்க் 2 நொடிக்கு 8 படம் வரை எடுத்தாலும், ஒளிமாறுபாட்டை வைத்து ஃபோகஸைத் தேடும் அதன் முறை, நம்மை நோக்கி ஓடிவரும் ஆளைத் தொடரும்போது தடுமாறும். இந்த ஒரு வகையில் ஆர்எக்ஸ்100 மார்க் 7 முற்றிலும் வேறு கதை: சென்சாரிலேயே 357 ஃபேஸ் டிடெக்ட் புள்ளிகள் (ஃபோகஸ் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பதைத் தேடாமலே கணிப்பவை), நொடிக்கு 20 படம், கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி. எட்டும் தூரத்தையும் கணக்கிடுங்கள். 105 மி.மீ. முனையில் டி90 தருவது 157 மி.மீ. கோணம், 100 மி.மீ.யில் நின்றுவிடும் காம்பாக்ட்டின் படத்தை அந்த அளவுக்கு வெட்டினால் 20 மெகாபிக்சலில் எட்டுதான் மிஞ்சும்.

கேரம் மன்றத்துக்குள் ஒரு மாலை நுழைந்து பார்ப்பதும் பயன் தரும். பலகையின் மேல் தாழ்வாகத் தொங்கும் விளக்கு, சுற்றிலும் இருட்டு, பவுடர் படிந்த பலகையில் விரல் நுனிக்கு முன்னால் நிற்கும் ஸ்ட்ரைக்கர். காம்பாக்ட் அகலக் கோணத்தில் 5 செ.மீ. வரை நெருங்கி ஃபோகஸ் செய்யும். கிட் லென்ஸுக்கு 45 செ.மீ. இடைவெளி வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ட்யூப்லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. ஷட்டரை 1/100 அல்லது 1/50இல் வைத்தால் படத்துக்குப் படம் வெளிச்சம் மாறாது. எலெக்ட்ரானிக் ஷட்டர் (திரை அசையாமல் சென்சாரே படம் பதியும் முறை) இருந்தால் அதை அணைத்துவிடுங்கள், இல்லையேல் குறுக்கே பட்டை விழும்.

வீடியோவுக்குத் தனிச் சோதனை வேண்டாம். வீடியோ எடுத்த முதல் டிஎஸ்எல்ஆர் என்ற பெருமை டி90க்கு உண்டு; ஆனால் 720பி, ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், எடுக்கும்போது ஆட்டோ ஃபோகஸ் கிடையாது. வீடியோ முக்கியம் என்றால் காம்பாக்ட்தான். பேட்டரியில் நிலைமை நேர்மாறு: டி90 ஒரு சார்ஜில் ஏறத்தாழ 850 படம் தாங்கும், காம்பாக்ட் 265. எடையில் லென்ஸோடு ஒரு கிலோவைத் தாண்டும் ஒன்றுக்கு எதிரே 319 கிராம் என்றால், எதைத் தினமும் பையில் வைப்பீர்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எடுத்த படங்களை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். 20 மெகாபிக்சல் படத்தை நூறு சதவீதத்தில் பெரிதாக்கி, 12 மெகாபிக்சலோடு ஒப்பிடுவது நியாயமாகாது. 8 × 12 அங்குல அச்சுக்கு 300 டிபிஐயில் தேவைப்படுவது 8.6 மெகாபிக்சல், டி90 அதைத் தாராளமாகத் தருகிறது. பழைய கேமராவின் படம் எல்லாமே சற்று மங்கலாகத் தெரிந்தால், ஸ்டாண்டில் வைத்து ஒரே பொருளை வ்யூஃபைண்டர் வழியாக ஒரு முறையும் லைவ் வியூவில் ஒரு முறையும் ஃபோகஸ் செய்து எடுங்கள். லைவ் வியூ படம் மட்டும் கூர்மையாக இருந்தால் குற்றம் ஃபேஸ் டிடெக்ட் அமைப்பின் சீரமைப்பில் இருக்கிறது. டி7000இல் இதை மெனுவிலேயே திருத்தலாம். டி90இல் அந்த வசதி இல்லை, சர்வீஸுக்குத்தான் கொடுக்க வேண்டும்.

கடற்கரையோரம் வாழ்பவர்கள் கடைசியாகப் பார்க்க வேண்டியது உப்பையும் ஈரப்பதத்தையும். எண்ணூரில் இருந்து ராயபுரம் வரை கடற்காற்றும் தூசியும் சேர்ந்து எல்லாவற்றின் மேலும் படிகின்றன. காம்பாக்ட்டின் லென்ஸ் ஒவ்வொரு முறை நீண்டு மடங்கும்போதும் அந்தத் தூசியையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். சென்சாரில் புள்ளி விழுந்தால் நாமாகத் துடைக்க வழியில்லை, லென்ஸ் தொகுதி பழுதானால் பெரும்பாலும் மொத்தமாக மாற்ற வேண்டிவரும். டிஎஸ்எல்ஆரில் ப்ளோயரால் ஊதிச் சுத்தம் செய்யலாம். ஃபங்கஸ் பிடித்தால் அந்த ஒரு லென்ஸோடு நட்டம் முடியும். இரண்டையும் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்குவதாக இருந்தால், பர்மா பஜாரானாலும் வேறு எங்கானாலும், கையில் ஒரு டார்ச்சும் ஒரு மெமரி கார்டும் இருக்கட்டும். டி90 போன்ற பழைய உடல்களுக்கு 32 ஜிபிக்கு மிகாத எஸ்டிஎச்சி கார்டைக் கொண்டுபோங்கள். லென்ஸின் பின்புறத்தில் இருந்து டார்ச் அடித்து முன்புறமாகப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் அது ஃபங்கஸ். காம்பாக்ட்டை ஐந்தாறு முறை ஆன் செய்து, ஆஃப் செய்து, லென்ஸ் திக்காமல் வந்து போகிறதா, உரசும் ஒலி கேட்கிறதா என்று கவனியுங்கள். டிஎஸ்எல்ஆரில் எஃப்/16இலும் காம்பாக்ட்டில் எஃப்/11இலும் வெறும் வானத்தை ஒரு படம் எடுத்தால் சென்சார் தூசி கரும்புள்ளிகளாகத் தெரியும். நிக்கான் கோப்புகளுக்குள் ஷட்டர் எண்ணிக்கை பதிவாகியிருக்கும்; டி90இன் ஷட்டர் ஒரு லட்சம் முறைக்குச் சோதிக்கப்பட்டது என்பதால், எண் அதை நெருங்கினால் விலையைக் குறைத்துப் பேசுங்கள். எடுத்த கார்டை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு மறுநாள் பணம் தருகிறேன் என்று சொல்லுங்கள். அதற்கு ஒப்பாத கடையில் வாங்க வேண்டாம்.