பழைய யமஹா எல்சி மோட்டார் சைக்கிளிலிருந்து டிராக் வண்டி: குறைந்த செலவில் கட்டுவது எப்படி

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் பிளாட்டுக்குக் கீழே சனிக்கிழமை இரவானால் பையன்கள் மோட்டார் சைக்கிளோடு கூடிவிடுவார்கள். அவர்களில் ஒருவன் போன மாதம், "அண்ணே, டிராக்கில் ஓட்டணும்னா பணக்காரனாத்தான் இருக்கணுமா?" என்று கேட்டான். இல்லை தம்பி. நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே பறப்பதை நிறுத்திவிட்டு வா, பந்தய ஓடுபாதைக்கான வண்டியைப் பழைய சாமான்களை வைத்தே கட்டிவிடலாம். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. முதலில் உடுப்பு

வண்டிக்கு முன்னால் இதற்குப் பணம் எடுத்து வையுங்கள். முழுமுக ஹெல்மெட், தோல் சூட், கையுறை, கணுக்காலை மூடும் பூட்ஸ், முதுகுக் கவசம். சூட் பழையதாக இருக்கலாம். தையல் மட்டும் விட்டிருக்கக் கூடாது. ஹெல்மெட் புதிதாகத்தான் வாங்கவேண்டும். உள்ளே இருக்கும் நுரை ஒருமுறை அடிபட்டு நசுங்கினால் மீளாது, வெளியிலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது.

2. வண்டியைத் தேர்வது

என் தேர்வு யமஹா 135எல்சி, ஐந்து கியர், கை கிளட்ச். 134 சிசி, நீரால் குளிரும் எஞ்சின். எந்தப் பட்டறைக்குப் போனாலும் சாமான் கிடைக்கும், எந்த ஃபோர்மெனுக்கும் கை பழகிய வண்டி. செப்பாங்கின் பெரிய ஓடுபாதை 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். அதன் நேர்பாதையில் எல்சி திணறும். கற்றுக்கொள்ள கோ-கார்ட் ஓடுபாதை போதும். சின்ன வண்டிகளுக்கு எப்போது இடம் கொடுக்கிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கவர் உடைந்த வண்டியைத் தேடுங்கள், விலை இறங்கும். ஆனால் கெரானில், அதாவது வண்டியின் பதிவுப் பத்திரத்தில், உள்ள எஞ்சின் எண்ணும் சட்டக (சேசிஸ்) எண்ணும் வண்டியில் உள்ளதோடு பொருந்தாவிட்டால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் போத்தோங் கடையில் தனி எஞ்சின் வாங்கினாலும் ரசீது வேண்டும்.

3. நேராக இருக்கிறதா?

பின்சக்கரத்தின் இருபுறமும் நூலை இழுத்து முன்சக்கரம் வரை கொண்டு போங்கள். ஹேண்டிலை நேராக வைத்து, முன்சக்கரம் இரண்டு நூலுக்கும் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். "டக்" என்று தட்டினால் ஹேண்டில் பேரிங் தளர்ந்திருக்கிறது.

ஒரு கடையில் பளபளவென்று இருந்த ஃபோர்க்கை நம்பி வாங்கி, மாட்டி, வண்டி ஒரு பக்கமாக இழுக்க, திரும்பக் கழற்றினேன். குழாயைக் கண்ணாடி மேசையில் உருட்டிப் பார்த்தபோதுதான் வளைவு தெரிந்தது. அந்த உருட்டலைக் கடையிலேயே செய்யுங்கள்.

4. பிரேக், டயர்

பணத்தை இங்கே கொட்டுங்கள். பேட் புதிது, எண்ணெய் புதிது. பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய எண்ணெய் சூட்டில் சீக்கிரம் கொதித்து, பிடி கைக்குள் அமுங்கிப்போகும். பிரேக் எண்ணெய்த் தொட்டியின் மூடியில் போட்டிருக்கும் டாட் (DOT) எண்ணைப் பார்த்து, அதே வகை எண்ணெயை வாங்குங்கள். பிரேக்கில் சிக்கிய காற்றை வெளியே எடுக்கும் வரிசை: பிடியை நாலைந்து முறை அழுத்தி, அழுத்தியபடியே வைத்துக்கொண்டு, சக்கரத்தருகே பிரேக்கில் காற்றை வெளியேவிட இருக்கும் நிப்பிளைத் திறந்து மூடவேண்டும். மூடிய பிறகுதான் பிடியை விடவேண்டும். முந்தி விட்டால் காற்று உள்ளே போய்விடும். மேலே தொட்டியில் எண்ணெய் குறையவும் விடாதீர்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2322 என்றால் 2022-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பழைய டயரும் பஞ்சர் ஒட்டிய டயரும் வேண்டாம்.

5. லாக் வயர்

புதியவர்கள் பயப்படும் வேலை இது, ஆனால் ஒரு மாலையில் முடியும். எஞ்சின் எண்ணெய் வடிக்கும் போல்ட் கழன்றால் பாதையெல்லாம் எண்ணெய். பின்னால் வருகிறவன் விழுவான். ஆகவே போல்ட்டின் தலையில் துளையிட்டு, துருப்பிடிக்காத கம்பியால் கட்டுகிறோம்.

போல்ட்டை வைஸில் இறுக்குங்கள். சென்டர் பஞ்ச் என்னும் கூர்முனைக் கம்பியால் ஒரு புள்ளி குத்துங்கள். 1.5 மில்லிமீட்டர் துளைக்கோலை முதலில் நேராக இறக்கி, பள்ளம் விழுந்ததும் மெல்லச் சாய்த்து மூலை வழியாக வெளியே எடுங்கள். ஒரு சொட்டு எண்ணெய் விட்டபடி, அழுத்தாமல் செய்யுங்கள். இரண்டு கோலாவது உடையும், கூடுதலாக வாங்கி வையுங்கள். கம்பியை முறுக்கிக் கட்டும்போது அது போல்ட்டை இறுக்கும் திசையில் இழுக்கவேண்டும். எதிர்த்திசையில் கட்டினால் பயனே இல்லை.

6. கழற்றுவதும் வடிப்பதும்

கண்ணாடி, விளக்கு, சிக்னல், ஸ்டாண்டு எல்லாம் வெளியே. ரேடியேட்டரில் கூலண்டை வடித்துவிட்டு, காய்ச்சி வடித்த நீர் ஊற்றுங்கள். கூலண்டில் உள்ள கிளைகால் தாரில் சிந்தினால் வழுக்கும், லேசில் காயாது.

7. எஞ்சின்

புது எண்ணெய், பிளக், ஏர் ஃபில்டர், வால்வு இடைவெளி. அவ்வளவுதான். சிலிண்டர் புளோக்கைப் பெரிதாக்கும் ஆசையை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப் போடுங்கள்.

8. முதல் நாள்

இனி இது சாலை வண்டி இல்லை. வேனில் ஏற்றிக்கொண்டு போங்கள். கிளம்புமுன் ஒவ்வொரு முக்கியப் போல்ட்டிலும், போல்ட்டின் தலையிலிருந்து வண்டியின் சட்டகம் வரை, மஞ்சள் பெயிண்ட்டால் ஒரு கோடு இழுங்கள். ஐந்து சுற்று ஓட்டிவிட்டு உள்ளே வாருங்கள். ஹெல்மெட்டைக் கழற்றியதும் குனிந்து அந்தக் கோடுகளைப் பாருங்கள். எங்காவது கோடு முறிந்திருந்தால் அந்தப் போல்ட் நகர்ந்திருக்கிறது. ஸ்பேனரை எடுங்கள்.